வாசலை மறித்தவள்

"எம் பாலு அதுக்கு வேண்டாம் சிஸ்டர்."

பால் பீய்ச்சி எடுக்க நர்ஸ் தந்த கிண்ணத்தைக் கோமு தள்ளி வைத்தாள். பச்சைப்பிள்ளை வார்டுக்கு வெளியே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவாள், எழுந்திருப்பாள், கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பாள். பிள்ளை பிறந்து ஆறு நாள். தொப்புளைச் சுற்றிச் சிவந்து, காய்ச்சல்.

நர்ஸ் செலின் அவளைவிட வயதில் சின்னவள்.

"பால் கட்டி வலிக்குதுன்னீங்களே அக்கா."

"வலிக்கட்டும். எம் ரத்தந்தான அதோட வெள்ளை அணுவை அழிச்சிச்சு? பாலும் அதுல ஊறுனதுதான."

"டாக்டர் வேற என்ன சொன்னாங்க?"

"அந்த அணு புள்ளையோட அப்பா சாடையாம். எம் ரத்தத்துக்கு யாரோன்னு தோணிருச்சாம். கொஞ்ச நாள்ல சரியாயிருமாம். அதுவரைக்கும் கிருமி அண்டாமப் பாத்துக்கணுமாம்."

"பால் குடுக்கலாம்னும் சொன்னாங்க."

"பெத்தவ ரத்தத்துக்குத் தம் புள்ளையத் தெரியாதா? அப்ப நான் என்ன தாயி?"

செலின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கோமு வார்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். மாமியார் பேரனுக்கு வசம்பு வளையலோடு வந்தாள்.

"அதெல்லாம் வீட்டுக்கு வந்தப்புறம் போடலாம் அத்தை. போங்க."

"எம் மவனுக்கு நல்ல போலீஸ்காரியத்தான் பாத்துக் கட்டிவச்சேன்" என்று முனகிக்கொண்டே மாமியார் படி இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சேலை கட்டி, கண்வரைக்கும் மாஸ்க் போட்ட ஒருத்தி வந்தாள். தலை நிறையப் பூ. நேரே போய்க் கதவில் கை வைத்தாள்.

"ஏம்மா, யாரு நீ? நில்லு."

அவள் நிற்கவில்லை. கதவைத் தள்ளினாள்.

கோமு பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நகம் பட்டுத் தோல் கீறிவிட்டது.

அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். செலின். அன்று அவளுக்கு லீவு நாள்; பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

"ஐயோ சிஸ்டர், நீங்கன்னு தெரியலையே."

"இத்தனை நாளாப் பாக்குற ஆளுதான அக்கா."

"இந்தச் சேலை, இந்த மாஸ்க்கு... எனக்கு எப்படித் தெரியும்? புள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னுதான்..."

கோமு தன் நகத்தையும் அந்தக் கீறலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

செலின் கீறலை மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்," என்றாள் கோமு, "அந்தக் கிண்ணத்தை எங்க வச்சீங்க?"