வெள்ளாவிப் புகையும் வெள்ளைத் துண்டும்

காற்றைக் காப்பாற்றியே தீருவதென்று கிளம்பிய நகராட்சி அதிகாரி சபாநாயகம், சலவைத்துறையில் வந்து இறங்கினார். உள்ளே குளிர்ச்சி போய்விடக் கூடாதென்று அவருடைய டீசல் ஜீப் உறுமிக்கொண்டே நின்றது.

"துணி அவிக்கிற வெள்ளாவி அடுப்புல இனி விறகு எரியக் கூடாது. புகை கக்குறது எதுவா இருந்தாலும் இன்னைக்கே சீல்!" என்று ஊர் கேட்க முழங்கினார்.

சலவைக்காரி பவளக்கொடி கைகட்டி நின்றாள். "சரிங்கய்யா. எது எவ்வளவு கக்குதுன்னு பார்த்துட்டு வைங்களேன்."

அவருடைய ஆபீஸ் நாற்காலியில் விரிக்க வெளுத்து வைத்திருந்த வெள்ளைத் துண்டுகளில் ஒன்றை அடுப்புப் புகையில் கட்டினாள். இன்னொன்றை ஜீப்பின் புகைக்குழாய்க்குப் பின்னால் கட்டினாள்.

கால்மணி நேரத்தில் அடுப்புத் துண்டு பழுப்பேறியிருந்தது. ஜீப் துண்டு அண்டங்காக்கையாகியிருந்தது.

"என்னுதும் அழுக்குதாங்க, மறைக்கல. ரெண்டுக்கும் சீல் வைங்க."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சபாநாயகத்துக்கு. காது மடல் சுட, அவரே குனிந்து ஜீப் இன்ஜினை அணைத்தார்.

"துண்டைக் குடுங்கய்யா, வெளுத்துத் தர்றேன்," என்றாள் பவளக்கொடி. "அதுக்கு அடுப்பு எரியணும். எரிக்கலாமுங்களா?"

சபாநாயகம் கறுத்த துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆபீசுக்கு நடந்தே போனார்.