சீல் பிரியாத சொட்டு மருந்து

மேலக்கொழுந்தூரில் கிணறு தூர்வாரும் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் பேச்சு. அது மிகை. அவ்வளவு இருந்ததற்குச் சாட்சி இல்லை.

மூத்தவர் மாசானத்துக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, காலையும் மாலையும் விடச் சொன்னார். அழுத்தம் இறங்காவிட்டால் ஆபரேஷன், அதையும் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார். கத்தி என்றதும் மாசானம் அழுதேவிட்டார்.

அஞ்சாவது வரை படித்த தம்பி கொம்பையா டப்பாவை வாசித்தான். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்றிருந்தது. அவர்களுக்குத் தெரிந்த குளிர்ச்சி கிணறுதான். மருந்தை வாளியில் வைத்து இறக்கினார்கள். மேலே தூக்கினால் சூடாகிவிடுமே என்று, வேளாவேளைக்கு மாசானத்தையும் மண் அள்ளும் கூடையில் உட்காரவைத்து இறக்கினார்கள். துணைக்கு இன்னொரு தம்பி இசக்கி போனான்.

முதல் நாளே உள்ளேயிருந்து இசக்கி கேட்டான், மூடியைத் திருகலாமா என்று. கொம்பையா மறுபடி டப்பாவைப் பார்த்தான்.

“திறந்தா ஒரு மாசம்தான் தாங்குமாம்லே. திறக்காட்டி ரெண்டு வருசம்.”

கயிற்றைப் பிடித்திருந்த கடைக்குட்டி பேச்சிமுத்து ரொம்ப நேரம் யோசித்தான். “அண்ணன் கண்ணு ஒரு மாசத்துக்குப் போதுமா, ரெண்டு வருசத்துக்கு வேணுமா?”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. மூடியோடு பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துப் பத்து எண்ணினான் இசக்கி. குளுகுளுவென்று இருப்பதாக மாசானம் சொன்னார். கிணற்றுக்குள் வேறு எப்படி இருக்கும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோன பாட்டிலை வாங்கிப் பார்த்த டாக்டரம்மா, மூடியில் சீல் அப்படியே இருப்பதைக் கண்டார். பிறகு சீலை உடைத்து, அவர்கள் முன்னாலேயே மாசானத்தின் கண்ணில் சொட்டு விட்டுக் காட்டினார். இன்னும் ஒரே மாதம்தான் பார்ப்பேன் என்றார்.

வெளியே வந்ததும் கொம்பையாவுக்கு மனசு ஆறவே இல்லை. படித்தவர் இப்படிச் செய்யலாமா, நல்லா இருந்த மருந்து கெட ஆரம்பித்துவிட்டதே என்றான். கெடப்போகிற மருந்தை நோயாளி கண்ணில் விட யாருக்கும் மனசு வரவில்லை. மாசானத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கி, சீல் பிரியாமல் கிணற்றில் இறக்கினார்கள். திறந்ததை வீணாக்குவானேன் என்று தம்பிகள் மூவரும் வேளை தவறாமல் தங்கள் கண்ணில் விட்டுக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து கண்ணைக் காட்டினார்கள். தம்பிகள் மூவருக்கும் அழுத்தம் தங்கமாக இறங்கியிருந்தது. மாசானத்துக்கு ஆபரேஷன் தேதி குறித்தார் டாக்டரம்மா.

கொம்பையா கும்பிட்டான்.

“மூணு பேருக்குக் குணமாயிட்டு தாயி. அண்ணன் ஒருத்தர்தான் பாக்கி. அவரு மருந்து இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கெடாது. கத்திக்கு இப்ப என்ன அவசரம்?”