கசிவு நின்ற தொட்டி

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், மாலையானால் ஒரு கல்தொட்டியின் விளிம்பில் போய் உட்காரும் அரசர் ஒருவர் இருந்தார். இறந்துபோன அரசி அந்தத் தொட்டியில் மீன் வளர்த்தாள். வாந்திபேதி அவளைக் கொண்டுபோன பிறகு, அரசர் அந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் விகடன் கடம்பன் உட்கார்ந்திருப்பான். இருவரும் பேசமாட்டார்கள். சிரிக்கவைக்க வந்தவன் சும்மா உட்கார்ந்தே அரசருக்கு நெருக்கமாகிவிட்டானே என்று சபையில் பலருக்கும் புகைச்சல். அரண்மனை வைத்தியர் மருதவாணருக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒரு கோடையில் அதே நோய் இளவரசனுக்கும் வந்தது. அப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டிருந்த குழந்தை. வைத்தியர் வழக்கப்படி வாயைக் கட்டச் சொன்னார்.

“உள்ளே போவதுதானே வெளியே வருகிறது? ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது.”

அரசிக்கும் அப்படித்தான் செய்தார்கள். அந்த நாட்டில் எல்லோருக்குமே அப்படித்தான்.

“தண்ணி... தண்ணி...” என்று குழந்தை முனகியது. அழுதது. கண்ணீர் வரவில்லை.

கடம்பன் சபையில் எழுந்து நின்றான். “அரசே, இளவரசருக்குக் குடிக்கக் கொடுங்கள்.”

“விகடனே, உன் நாக்கு நோயை விரட்டுமோ?” என்றார் மருதவாணர். சபை சிரித்தது.

“விரட்டாது வைத்தியரே. ஆனால் என் நாக்கு ஈரமாக இருக்கிறது. இளவரசர் நாக்கைத் தொட்டுப் பாருங்கள்.”

சிரிப்பு அடங்கியது. வைத்தியரின் முகம் கறுத்தது. அன்று காலைதான் அரசியின் தொட்டி அடிப்பக்கம் விரிசல் விட்டு நீர் கசியத் தொடங்கியிருந்தது. அது அவருக்கு நினைவு வந்தது.

“அரசே, அரசியாரின் தொட்டி கசிகிறது. அவர் பெற்ற பிள்ளையின் உடம்பும் கசிகிறது. இது ஒரு குறி. தொட்டியின் கசிவு நின்றால் நோயும் நிற்கும். அந்தப் பொறுப்பை இந்தக் கெட்டிக்காரனிடமே விடுங்கள். ஆனால் சுண்ணாம்பு பூசக்கூடாது, அரசியார் தொட்ட கல்லில் உளியும் படக்கூடாது.”

எதைச் சொன்னாலும் நம்பிவிடும் நிலையில் அரசர் இருந்தார். “மாலைக்குள் கசிவு நிற்கவேண்டும், கடம்பா. நிற்காவிட்டால் உன் தலை உனக்கில்லை.”

“ஆகட்டும் அரசே.”

கடம்பன் முற்றத்துக்குப் போனான். தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மூங்கில் குழாயின் வாயில் தன் தலைப்பாகையைத் திணித்தான். பிறகு விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். வெயில் ஏறியது, சாய்ந்தது. கசிவு நின்றுவிட்டதாக அரசருக்குச் சொல்லி அனுப்பினான்.

அரசர் ஓடி வந்தார். பின்னால் வைத்தியர். தொட்டியின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. அரசர் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். அடியில் சேறு. சேற்றில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

“பாவி! என்ன காரியம் செய்தாய்?”

“வைத்தியர் சொன்னதைத்தான் செய்தேன். உள்ளே போவதுதானே வெளியே வருகிறது? உள்ளே விடுவதை நிறுத்தினேன். இப்போது ஒரு சொட்டும் கசியவில்லை.”

“மீன்கள் சாகின்றனவே!”

“ஆமாம் அரசே. கசிவு நின்றுவிட்டது.”

மருதவாணரும் எட்டி மீன்களைப் பார்த்தார்.

அரசரே தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர் பாய்ந்தது. “உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“எனக்கு ஒரு மகள் இருந்தாள் அரசே. இதே நோய். தண்ணீர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. தாகம் மறக்கட்டும் என்று வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். பாதிக் கதைவரை கேட்டாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே நோய்தான். வீட்டில் எல்லோரும் வயலுக்குப் போய்விடுவார்கள், தடுக்க ஆளில்லை. அவன் உப்புக்கஞ்சிப் பானைக்கு அருகிலேயே கிடந்து மொண்டு மொண்டு குடித்தான். இப்போது மாடு மேய்க்கிறான்.”

அரிசியைக் குழையக் காய்ச்சி, கஞ்சித்தண்ணீரை இறுத்து ஆறவைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொண்டுவந்தார்கள். கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். குழந்தை வாந்தி எடுத்தது. சற்றுப் பொறுத்து மறுபடி புகட்டினார்கள். கிண்ணத்தைப் பிடித்திருந்தவர் மருதவாணர்.

விடியும் நேரத்தில் குழந்தைக்கு உப்புக்கஞ்சி அலுத்துவிட்டது. கிண்ணத்தைத் தட்டிவிட்டு வீறிட்டு அழுதது. கஞ்சி வைத்தியரின் தாடியெல்லாம் வழிந்தது.

அரசர் சிரித்தார். அரசி போன பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. “அழுகிறான்! கடம்பா, இங்கே பார், கண்ணீர் வருகிறது!”

தன் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“தெருத்தெருவாகப் பறையறையச் சொல்லுங்கள் அரசே. இந்த நோய் கண்டவர் பாய்க்குப் பக்கத்தில் ஒரு கஞ்சிக்கலயம் இருக்கட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர். சிரிப்பு மெல்ல அடங்கியது. குழந்தையின் கன்னத்து ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இவன் தாயும் தண்ணீர் கேட்டாள், கடம்பா. கொடுத்திருந்தால்...?”

கடம்பன் கீழே கிடந்த கிண்ணத்தை எடுத்து, அதில் மறுபடி கஞ்சி ஊற்றினான்.

அன்று மாலையும் இருவரும் தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்தார்கள். பிழைத்த மீன்கள் சுற்றிவந்தன. விரிசல் கசிந்துகொண்டுதான் இருந்தது. மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.