சும்மா இருந்தவளுக்குச் சாட்சிகள்

"'வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வீட்டுல சும்மாதான் இருந்தா.' இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கான் இந்த வீட்டு மகராசன்! கேட்டீங்களா எல்லாரும்?" என்று குக்கர் கத்தியது.

"கேட்டோம், கேட்டோம். விசிலடிச்சு ஊரைக் கூட்டாதே," என்றது கிரைண்டர்.

"சும்மா இருந்தாளாம்! அந்த மனுஷன் வாயில வச்ச ஒவ்வொரு கவளமும் என் வயித்துல இருந்து போனது. எனக்குப் பத்திக்கிட்டு வராதா?"

நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் சாலைக்குப் பின்னால் ஒரு சமையலறை இருந்தது. அதை ஆண்டவள் வசந்தாமணி. ஒரு சாயங்காலம் கோதுமை அரைக்க ஸ்கூட்டியில் மாவு மில்லுக்குப் போனாள். திரும்பி வரும்போது வளைவில் ஒரு லாரி அவள்மேல் ஏறியது. வீட்டுக்குத் திரும்பி வந்தது அவள் கொண்டுபோன மாவு டப்பா மட்டும்தான், ஒரு பக்கம் நசுங்கி, போலீஸ் ஸ்டேஷன் வழியாக.

அவள் கணவன் பூபதி பட்டறையில் வெல்டர். தன் கையால் பற்றவைத்த பாடிகள் எத்தனையோ லாரிகளில் ஓடிக்கொண்டிருந்தன. மோதிய லாரியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அதை அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். மகள் தாரணி நர்சிங் படிப்பதும் படிக்காததும் அதில்தான் தொங்கியது. குக்கர் கத்திய அன்று காலை இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள் ஒருவர் வந்து, ஹாலில் உட்கார்ந்து, பூபதி போட்டுக்கொடுத்த தண்ணிக் காபியை முகம் சுளிக்காமல் குடித்தார். அப்படிக் குடித்தபோதே பூபதி உஷாராகியிருக்க வேண்டாமா? "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" என்று தேனாகக் கேட்டார். பூபதிக்குப் பொய் சொல்லத் தெரியாது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டான்.

மத்தியானம் வக்கீலம்மா ஜெயகௌரி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டுங்க அப்படிச் சொன்னீங்க?"

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா? அவ வேலைக்குப் போகலீங்களே."

"வேலைக்குப் போகலை. வேலை செஞ்சாங்க. வீட்டு வேலைக்கும் கோர்ட்டுல மதிப்புப் போடுவாங்க. ஆனா நாளைக்குக் கூண்டுல ஏறி நீங்கதான் அதைச் சொல்லோணும். இப்ப என்கிட்டச் சொல்லுங்க பார்க்கலாம். என்ன செஞ்சாங்க?"

"சோறாக்குவா."

"அப்புறம்?"

"துணி துவைப்பா."

"அப்புறம்?"

"வீடு அதுபாட்டுக்கு நடக்குமுங்க," என்றான் பூபதி.

வக்கீலம்மா பையை எடுத்துக்கொண்டார். "அதுபாட்டுக்கு எந்த வீடும் நடக்காதுங்க. நாளைக்குள்ள யோசிச்சு வைங்க."

அவர் போனதும் சமையலறையில் பஞ்சாயத்து கூடியது.

"நம்மைக் கூண்டுல ஏத்தட்டும். நான் சொல்றேன்," என்றது குக்கர். "கழுவினதும் என் ரப்பரைக் கழட்டித் தண்ணியில போட்டு வைப்பா நம்ம அம்மணி. இப்ப அது காய்ஞ்சு கருவாடாயிருச்சு. ஆவியெல்லாம் பக்கத்துல போகுது. விசில் வரலையேன்னு இந்த ஆளு என்னைக் குட்டுறான்!"

"ஊறின உளுந்தை நசுக்கிப் பார்க்காம என்கிட்டப் போடமாட்டா," என்றது கிரைண்டர். அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கியிருந்தார்கள். "இப்ப கடை மாவாம். நான் பேப்பர் சுமக்கிறேன்."

"இதையெல்லாம் யாரு நம்புவாங்க?" என்றது அடுப்பு. அதன் ஒரு பக்கம் எரியவே இல்லை. பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்திவிட ஆளில்லை. "வேலை முடிஞ்ச கையோட என்னைப் பளிச்சுனு துடைச்சு வச்சிருவா. பொங்கின பாலு, தெறிச்ச குழம்பு, எல்லாம் போயிரும். அதான் வம்பே. தான் செஞ்சதுக்கு ஒரு அடையாளம் இல்லாம தானே துடைச்சுட்டா."

பதில் தோன்றாதபோது குக்கருக்குக் கோபம் வரும். மூலையிலிருந்த மாவு டப்பாமேல் பாய்ந்தது.

"நீ ஏன் வாயே திறக்க மாட்டேங்கிற? கடைசி வரைக்கும் கூட இருந்தவ நீதானே?"

டப்பா மெதுவாகச் சொன்னது: "மில்லுல கூட்டம். லேட்டாயிருச்சு. சீக்கிரம் போயி பாலுக்கு உறை ஊத்தோணும்னு சொல்லிக்கிட்டே வண்டியை எடுத்தா."

தயிர் உறைய வைக்கும் பாத்திரமான போசி ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. கல்யாணமான புதிதில் தாய்வீட்டிலிருந்து உறைத்தயிர் கொண்டுவந்தவள் வசந்தாமணி. ஒவ்வொரு நாள் தயிரிலும் ஒரு கரண்டி மறுநாளுக்கு எடுத்துவைத்து, அந்தத் தயிர் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் வீட்டைக் கழுவிவிடும்போது, மிச்சமிருந்ததைப் பழசு என்று சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. அதில் என்ன இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வக்கீலம்மா வந்துபோன அன்று மத்தியானம் தாரணி பாக்கெட் தயிர்ச் சோற்றைத் தட்டில் ஒதுக்கிவிட்டு எழுந்துபோனாள். பூபதி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்ததும் அவன் பாலோடு சமையலறைக்கு வந்தான். போசியை நிமிர்த்திக் கழுவினான். பாலைக் காய்ச்சினான். வாய் மட்டும் நாளைய பாடத்தை முணுமுணுத்தது: "சோறாக்குவா. துணி துவைப்பா. தயிரு உறை ஊத்துவா." மூன்றாவதைச் சொன்னபோது அவனுக்கே ஒரு தைரியம் வந்தது. பால் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பாக்கெட் தயிரை அதில் ஊற்றினான்.

"ஐயோ, ஆறட்டும்!" என்று அலறியது குக்கர்.

பால் திரிந்து, தண்ணீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்தது. பூபதி அதைப் பார்த்தபடி நின்றான். பிறகு இன்னொரு பாக்கெட்டை உடைத்துக் காய்ச்சி, இறக்கிவைத்தான். இந்தத் தடவை கரண்டித் தயிரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். எது வரைக்கும்? அதுதான் தெரியவில்லை.

"சுண்டுவிரல்! சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பா!" என்றது அடுப்பு.

"எந்தச் சூட்டுல ஊத்துவா?" என்றது கிரைண்டர்.

போசி அப்போதுதான் பேசியது. "அது எனக்கு எப்படித் தெரியும்? விரல் அவகிட்டத்தானே இருந்துச்சு."



பூபதி நாளைக்குச் சொல்ல வேண்டியதை மறுபடி சொல்லிப் பார்த்தான். "அவ வீட்டுல சும்மா..." என்று பழக்கத்தில் தொடங்கிவிட்டான். நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. பால் ஆறிக்கொண்டே போனது.

அவன், அவள் துணி துவைக்கும் கொல்லைப் பக்கக் கதவை நோக்கித் திரும்பினான்.

"வசந்தா, பாலை இறக்கி வச்சிருக்கேன். ஒருக்கா வந்து விரலை விட்டுப் பார்த்துட்டுப் போ."