பூக் கேட்கிற வீடு

ஒரு ஊர்ல ஒரு பூக் கேக்கிற வீடு இருந்துச்சு. ம் போடு. நீ ம் போட்டாத்தான் கதை நடக்கும், இல்லேன்னா வழியிலேயே உக்காந்துக்கும்.

ம்.

ஆங். பூக் கேக்கிறதுன்னா என்னன்னு கேளு. ஒரு இலைத்துண்டுல வெள்ளை மல்லி, இன்னொரு இலைத்துண்டுல சிவப்பு அரளி. ரெண்டையும் ஒரே மாதிரி மடிச்சு, வாழைநார்ல ஒரே மாதிரி கட்டி, அம்மன் முன்னாடி உருட்டிப் போடுவாங்க. ஒரு சின்னப் பிள்ளை வந்து ஒண்ணை எடுக்கும். வெள்ளை வந்தா அம்மன் 'சரி'ன்னுட்டா. சிவப்பு வந்தா 'வேண்டாம்'னுட்டா. அதுக்கு மேல அந்த வீட்டுல யாரும் மூச்சு விட மாட்டாங்க.

மாடு வாங்கணுமா? பூ. கிணறு தோண்டணுமா? பூ. ஒருநாள் கத்திரிக்காய்க் குழம்பா, புளிக்குழம்பான்னு கூடப் பூக் கேட்டாங்களாம். அம்மன் ரெண்டுமே வேண்டாம்னுட்டா. அன்னிக்கு எல்லாரும் மோர்சோறு.

பொட்டலம் கட்டுறது ஆவுடை அத்தை. வீட்டுக்குப் பெரியவ. அவ தம்பி கொம்பையா, மினி பஸ்ல கண்டக்டர். அவன் பொஞ்சாதி சொர்ணம். அவங்களுக்கு ஒரே ஒரு மக, பேரு கோமு. உன்னை விட ஒரு விரக்கடை உசரம் கம்மி. அந்தக் கோமுதான் பொட்டலம் எடுக்கிறவ. அவ எடுத்தா அப்பிடியே பலிக்கும்னு ஊரே சொல்லும். அடுத்த தெருக்காரங்க கூட வந்து அவளைத் தூக்கிட்டுப் போவாங்க.

கொம்பையாவுக்கு இதுல நம்பிக்கை உண்டா? உண்டுன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. படிக்கட்டுல நின்னே பழகினவன் பாரு. உள்ளயும் ஏற மாட்டான், கீழயும் எறங்க மாட்டான்.

அப்புறம் என்னாச்சு, ஒருநாள் காலையில கோமு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டா. சாப்பிட்டது எல்லாம் குபுக் குபுக்னு வாந்தி. வலது பக்கம் அடிவயித்துல விரல் வெச்சா வீல்னு கத்துறா.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்"னு சட்டையை மாட்டினான் கொம்பையா.

"ஏலே, நில்லு," அப்பிடின்னா ஆவுடை. "கேக்காமக் கொள்ளாம அது என்ன ஓட்டம்? உன் பஸ்ஸு பொறப்பட்டுருச்சா?"

அப்போ பூக் கட்டினாங்க. கோமுவைத் தாங்கிக் கொண்டாந்து விட்டாங்க. அவ குனிஞ்சா, ஒண்ணை எடுத்தா. ஆவுடை பிரிச்சா. சிவப்பு.

"ஆஸ்பத்திரி வேண்டாங்கா அம்மன். சூடுதான் இது. ஓமத்தண்ணி போதும்."

ஓமத்தண்ணி குடுத்தாங்க. அதுவும் குபுக்னு வெளிய வந்துருச்சு. ம் போடு.

ம்.

மறுநாள் காலையில உடம்பு தோசைக்கல்லாட்டம் கொதிக்குது. கொம்பையா கெஞ்சினான். "அக்கா, இன்னொரு தரம் கேட்டுரு. நேத்து சொன்னது நேத்தைக்குத்தானே?"

அப்போ ரெண்டாந்தரம் கட்டினாங்க. இந்தத் தரம் கொம்பையா மகளை இடுப்புல வெச்சிருந்தான், அதனால பக்கத்துல இருந்து பாக்கிறான். கோமு கையை நீட்டுறதுக்கு முன்னால மூக்கை நீட்டுறா. இந்தப் பொட்டலத்துக்கிட்ட ஸ்ஸ்ஸ். அந்தப் பொட்டலத்துக்கிட்ட ஸ்ஸ்ஸ். அப்புறம் டபக்னு ஒண்ணை எடுத்தா. சிவப்பு.

சொர்ணம் கன்னத்துல போட்டுக்கிட்டா. ஆவுடை "பாத்தியால?"ன்னா. கொம்பையா மகளைத் தோள்ல போட்டுக்கிட்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போனான்.

"ஏன் தாயி, பொட்டலத்தை மோந்து பாத்தே?"

"மல்லின்னா ஆஸ்பத்திரி. ஊசி போடுவாங்க. அரளின்னா வீட்டுலயே இருக்கலாம்."

"எப்பவுமே மோந்துதான் எடுப்பியா?"

"ம்."

நீ இல்ல, கோமு சொன்னா அந்த ம்.

"இந்த மாட்டை வாங்கச் சொன்னது?"

"கன்னுக்குட்டி நெத்தியில பொட்டு இருந்துச்சுல்லா."

"உங்க அத்தை மகளைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு வந்துச்சே?"

"அந்த மாமா கன்னத்தைக் கிள்ளுனாரு. வலிச்சுது."

கொம்பையா தொழுவத்துச் சுவர்ல சாஞ்சுட்டான். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு அவன்கிட்ட. கேக்காம விட்டிருக்கலாம். கேட்டான். "அப்பாவுக்குத் திருப்பூர்ல நல்ல வேலை வந்துச்சு. அம்மன் போக வேண்டாம்னுட்டா. அதுவும் நீதானா?"

"நீ போயிட்டா என்னை யாரு தூங்கப் போடுவா?"

பாத்துக்கோ. அம்மன் விதிச்சதுன்னு மனசைத் தேத்திக்கிட்டு, அந்தப் படிக்கட்டுலயே நின்னானே ஒரு மனுசன். அவனுக்கு விதி எழுதினது அஞ்சு வயசு மூக்கு. கோவம் வந்துச்சா, சிரிப்பு வந்துச்சான்னு அவனுக்கே தெரியல. அதுக்குள்ள கோமுவுக்குக் கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்க ஆரம்பிச்சுருச்சு. அவன் யார்கிட்டயும் சொல்லல. ஓடுனான். தன்னோட மினி பஸ்ஸையே மறிச்சு ஏறி, "எங்கயும் நிக்காதே அண்ணாச்சி!"ன்னு டிரைவர்கிட்டக் கத்தினான். உள்ளே இருந்தவங்கல்லாம் "ஏ, எங்க ஸ்டாப்பு! எங்க ஸ்டாப்பு!"ன்னு கத்த, பஸ் டர்ர்ர்னு நேரே டவுன் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னுச்சு.

தூங்கிட்டியா?

இல்ல. அப்புறம்?

அப்புறம் டாக்டரம்மா பாத்தாங்க. வயித்தை லேசா அமுக்கினாங்க. முகம் மாறிப் போச்சு. "குடல்வால் வீங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. எந்த நேரமும் வெடிக்கும். வெடிச்சு விஷம் பரவிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவே ஆபரேஷன். கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினான் கொம்பையா. அப்போ வாசல்ல தடதடன்னு சத்தம். ஆவுடையும் சொர்ணமும் ஆட்டோ பிடிச்சு வந்துட்டாங்க. சொர்ணம் ஓடி வந்து பிள்ளையைக் கட்டிலோட சேத்துக் கட்டிக்கிட்டா.

"என் பிள்ளை மேல கத்தி படக்கூடாது. ரெண்டு தரம் வேண்டாம்னு சொல்லிருக்கா அவ. சொல்லைத் தாண்டி நீங்க அறுத்து, ஏதாவது ஒண்ணுன்னா? அம்மனுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல்லணும்."

அந்தப் பேச்சுல கொம்பையாவுக்குக் கை நின்னு போச்சு. உண்மையைச் சொல்லிரலாமான்னு வாயைத் தொறந்தான். ஆனா சொன்னா என்ன ஆகும்? அக்கா மக கல்யாணம் நின்ன பழி, ஊர்ல ஆயிரம் வீட்டு நல்லது கெட்டது, அத்தனையும் கட்டில்ல கெடக்கிற இந்தச் சின்ன மண்டை மேல வந்து விழும். வாயை மூடிக்கிட்டான்.

"அக்கா, மூணாந்தரம் கேப்போம். மூணாவதுதானே முடிவு?"

"கேக்கலாம். ஆனா நம்ம அம்மன் அங்கல்லா இருக்கா? இங்க வாசல்ல பிள்ளையார்தானே?"

"அவளுக்கு மகன்தானே? ஆத்தாகிட்டச் சொல்லிவிட மாட்டாரா?"

ஆவுடை யோசிச்சா. "சரி, சீக்கிரம் போ. ரெண்டு கட்டும் ஒண்ணு போல இருக்கணும். பிள்ளையார் முன்னாடி உருட்டிப் போட்டுட்டு எடுத்துட்டு வா."

டாக்டரம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "அஞ்சு நிமிசம் தரேன். தியேட்டர் தயாராகிறதுக்குள்ள உங்க சாமி முடிவு பண்ணட்டும்."

கொம்பையா வாசலுக்கு ஓடினான். பிள்ளையார் பக்கத்துல ஒரு பூக்காரம்மா. மல்லி வாங்கினான், அரளி வாங்கினான், இலை வாங்கினான். டிக்கெட்டுக் கிழிச்சுப் பழகின விரல், சட்சட்னு மடிக்குது. பூக்காரம்மா பாத்துக்கிட்டே இருந்தா.

"ஏன்யா, ரெண்டுலயும் மல்லியையே வெக்கிறியே? அப்போ சாமி எப்பிடிப் பதில் சொல்லும்?"

"பதில் நான் சொல்லிட்டேன். அவரு தலையாட்டினாப் போதும்."

"வெவரமான ஆளுதான்," அப்பிடின்னா அவ. "அந்த அரளியைக் கீழ போடாதே, குடு. வர்றவங்களுக்கு ஆகும்."

அப்போ உள்ளே வந்தான். ரெண்டு பொட்டலத்தையும் கட்டில் மேல உருட்டி விட்டான். கோமுவுக்குக் கண்ணே தொறக்க முடியல. ஆனாலும் மூக்கை நீட்டினா. ஸ்ஸ்ஸ், மல்லி. அந்தப் பக்கம் திரும்பினா. ஸ்ஸ்ஸ், மல்லி. மறுபடி இந்தப் பக்கம். ஸ்ஸ்ஸ்.

கண்ணு ரெண்டும் முழிச்சுக்கிச்சு. நேரே அப்பாவைப் பாத்தா.

இவ வாயைத் தொறந்தா முடிஞ்சுது கதை. கதை மட்டுமா?

கோமு வாயைத் தொறக்கல. மெல்லக் கையை நீட்டி ஒண்ணை எடுத்தா. ஆவுடை பிரிச்சா. வெள்ளை! "தாயே! மகன்கிட்டச் சொல்லி விட்டுட்டியே!"ன்னு அங்கயே விழுந்து கும்பிட்டா. சொர்ணம் கையை விட்டா. கொம்பையா கிறுக்கலா ஒரு கையெழுத்துப் போட்டான். இன்னொரு பொட்டலத்தை நைசா எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்கிட்டான். வண்டி கடகடன்னு உள்ளே போச்சு. கதவு மூடிக்கிச்சு.

ம் போடு, தங்கம். இப்பதான் வேடிக்கை.

ம்.

அம்மன் வாக்கு குடுத்துட்டால்ல? ஆவுடைக்குப் பயமே இல்ல. பெஞ்சுல உக்காந்து ரெண்டு இட்லி சாப்பிட்டா. சொர்ணம் அவ தோள்ல சாஞ்சு கண்ணசந்துட்டா, ரெண்டு நாள்ல மொத தடவையா. கொம்பையா மட்டும் நடக்கிறான். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். சட்டைப்பையில இருந்து மல்லி வாசம் குப்பு குப்புன்னு ஏறுது. சுவரைப் பாத்து முணுமுணுக்கிறான்.

"ஏமாத்தினது நான். அவ இல்ல. பிள்ளைக்கு மூக்கு இருக்கு, மோந்தா, அது தப்பா? கோவம்னா என்கிட்ட வெச்சுக்கோ. அவகிட்டப் போகாதே."

யாரைப் பாத்துச் சொல்றான்? அம்மன் உண்டா இல்லையான்னு நேத்து வரைக்கும் படிக்கட்டுல நின்னவன். அந்த ஆஸ்பத்திரியில அன்னிக்கு அம்மனுக்கு ரொம்பப் பயந்தவன் யாருன்னு கேட்டா, அவளை ஏமாத்தினவன்தான். நம்பினவங்க நல்லா இட்லி சாப்பிட்டாங்க.

ரெண்டு மணி நேரம் கழிச்சு டாக்டரம்மா வந்தாங்க. "பொழைச்சுக்கிட்டா. வெடிக்கிற நேரத்துல எடுத்துட்டேன். ஏங்க, நேத்தே வந்திருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லையே?"

ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டா. "சரியான நேரம் பாத்துத்தான் அம்மன் அனுப்பிச்சிருக்கா டாக்டரம்மா. வெடிக்கிறதுக்குச் சரியா முன்னாடி! யாரால முடியும்?"

டாக்டரம்மா கொம்பையாவைப் பாத்தாங்க. கொம்பையா தரையைப் பாத்தான். பெருக்கிறவ ஒருத்தி மட்டும் அவனைக் கடந்து போகும்போது, "என்ன மல்லி வாசம்!"னு சொல்லிட்டுப் போனா.

அப்புறம் கோமு தேறி வீட்டுக்கு வந்தா. வயித்துல ஒரு பூரான் மாதிரி தழும்பு. அதைப் பிள்ளைங்ககிட்டக் காட்டிப் பெருமை வேற. அம்மனுக்குப் பொங்கல் வெக்கணும்னு பேச்சு வந்துச்சு. செவ்வாயா, வெள்ளியா? வேற என்ன, பூதான். ஆவுடை கட்டி உருட்டிப் போட்டா. "வா ஆத்தா, எடு."

கொம்பையா ஓரமா நின்னு மக மூக்கைப் பாத்துக்கிட்டு இருக்கான். இவளுக்கு இன்னிக்கு என்ன ஆசையோன்னு.

கோமு முன்னாடி வந்தா. கண்ணை இறுக மூடினா. இடது கை விரல் ரெண்டால மூக்கையும் இறுகப் பிடிச்சுக்கிட்டா. வலது கையால தடவித் தடவி ஒண்ணை எடுத்தா.

"ஏட்டி, எதுக்கு மூக்கைப் பிடிச்சே?"ன்னா ஆவுடை.

"சும்மா."

எல்லாரும் போனதும் கொம்பையா அவளைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டான். அவ கழுத்தைக் கட்டிக்கிட்டு, காதுக்குள்ள சொன்னா. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அம்மன் ரெண்டுலயும் மல்லி வெச்சுட்டாப்பா. நான் மோந்து பாக்கிறது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு நல்லா ஆகணும்னுதான் அப்பிடிச் செஞ்சிருக்கா. இனிமே அவளை ஏமாத்த மாட்டேன்."

கொம்பையா என்ன சொன்னான்?

என்ன சொன்னான்?

உண்மையைச் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் மகளோட மூக்கைத் தொட்டு, "ஆமா, அவளுக்கு எல்லாம் தெரியும்"னான்.

சொன்னது பொய்யா, மெய்யா? அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கதை அது வீட்டுக்குப் போயாச்சு. நீயும் கண்ணை மூடு, தூங்கு.