லாந்தனம் இருந்த இடம்

"மூணு வருஷம் ஆச்சு மேடம். ஒரே ஒரு தடவைகூட அம்மான்னு கூப்பிடல."

ஆய்வகத்தின் சின்னக் கல்லுரலில் கறுப்புப் பொடியை அரைத்துக்கொண்டே சொன்னாள் மங்கையர்க்கரசி. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, நாற்பத்து மூன்று வயதில் பிஎச்டிக்குச் சேர்ந்தவள். கைடு நூர்ஜஹான் அவளைவிட நாலு வயது சின்னவள். அதனால் இவள் அவளை மேடம் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

"யாரு, தென்றலா?"

"வேற யாரு? அவ அம்மா போன இடத்துக்கு வந்தவ நான். அந்தப் போட்டோவுக்குத் தினம் பூ வைக்கிறதும் நான்தான். என்னை எப்படிச் சொல்றா தெரியுமா? 'அவங்க'. பக்கத்துல நின்னாலும் 'அவங்க'தான்."

"நேரா பேசவே மாட்டாளா?"

"எல்லாம் அப்பா வழியாத்தான். 'அவங்க ரசத்துல உப்பே இல்லப்பா.' உடனே இவரும் சேர்ந்துக்குவார். 'உப்பு மட்டுமா இல்ல?' அப்பாவும் பொண்ணும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நான் வர்றதுக்கு முன்னாடி ஒரே வீட்டுல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டுக் கிடந்தவங்க!"

நூர்ஜஹான் எழுந்தாள். இழுப்பறையைத் திறந்து, சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு கறுப்பு வில்லைகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது நீங்க முதல்ல செஞ்சது. லாந்தனம், மாங்கனீஸ், ஆக்சிஜன். அவ்வளவுதான்."

காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். வில்லை அசையவில்லை.

"இது, லாந்தனத்துல கொஞ்சம் எடுத்துட்டு, அந்த இடத்துல ஸ்ட்ரான்சியம் வெச்சது."

டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. மீட்டரை வைத்தால் கரண்ட்டும் இதில்தான் நன்றாக ஓடும். அரசிக்கு அது தெரிந்ததுதான்.

"அப்போ ஸ்ட்ரான்சியத்துக்குக் காந்த குணம் இருக்காக்கா?"

முதல் வருஷப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி. அரசிக்குச் சுருக்கென்றது. பாட்டிலைத் திறந்து, ஸ்ட்ரான்சியம் உப்பு ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்திக் காட்டினாள். வெள்ளைப் பொடி அப்படியே கிடந்தது.

"இதுக்கு ஏது மேடம்? இழுக்கிறது மாங்கனீஸ்."

"மாங்கனீஸ் முன்னாடியும் இருந்துச்சே?"

"இருந்துச்சு. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு…"

காந்தத்தை நகர்த்திக்கொண்டிருந்த கை நின்றது.

"சொல்லுங்கக்கா."

"…இது வந்து உக்காந்ததும், ஒரு மாங்கனீஸ்லேருந்து பக்கத்து மாங்கனீசுக்கு எலக்ட்ரான் தாவ வழி கிடைச்சுது. அப்புறம் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிடுச்சு."

"அதுக்காக ஸ்ட்ரான்சியத்தை யாராவது லாந்தனம்னு கூப்பிடறாங்களா?"

அரசி காகிதத்தில் கிடந்த வெள்ளைப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. ஆனா அதுக்கு ஆசை இருக்காதா மேடம்?"

நூர்ஜஹான் பாட்டிலை மூடி வைத்தாள்.

அரசியின் போன் அடித்தது. கணவர்.

"எப்பக் கிளம்பறே?"

அவருக்குப் பின்னாலிருந்து தென்றலின் குரல். "அவங்களைச் சீக்கிரம் வரச் சொல்லுப்பா. இல்லாட்டி நீ ரசம் வெச்சிடுவே."

"ஏய், என் ரசத்துக்கு என்னடி?"

"அதுக்குப் பேரு ரசமா?"

அப்புறம் பேச்சே இல்லை. போனை அணைக்கவும் மறந்துவிட்டார்.

"என்னக்கா சொல்றாங்க?"

அரசி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சிரிக்கிறாங்க."