புல்மேட்டுக் குறுக்குவழி

"அம்மா, இனிமே ஒருத்தரையும் இந்த மலைக்கு விடக்கூடாது" என்றார் திருமேனி.

நாச்சியாரம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு, ஐயா?"

திருமேனி முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு இந்த மலைக் குடிலுக்கு வந்து சீடரானார். குரு நாச்சியாரம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"சுனைக்குப் போக நல்ல பாதை இருக்கு. அது சுத்துன்னு சொல்லி, பார்க்க வர்றவங்க எல்லாம் புல்மேட்டுக்குக் குறுக்கே ஏறுறாங்க. மிதிச்சு மிதிச்சே வழி ஆயிடுச்சு. நேத்து மழையில அந்த வழியோட மண் அறுத்துக்கிட்டுச் சுனையில இறங்கிடுச்சு. மான் வந்து மோந்து பார்த்துட்டுக் குடிக்காமத் திரும்பிப் போகுதும்மா."



"முள் வெட்டிப் போட்டீங்களா?"

"போட்டேன். தாண்டுறாங்க."

"பலகை?"

"வெச்சேன். அதுல சாஞ்சு நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க."

நாச்சியாரம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். "வாங்க, பார்த்துட்டு வருவோம்."

திருமேனி முன்னால் விறுவிறுவென்று நடந்தார். முள்ளைத் தாண்டினார். மேடேறிச் சுனையருகே வந்து திரும்பிப் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை.

வெகுநேரம் கழித்து, சுற்றுப்பாதை வழியாக நாச்சியாரம்மா வந்து சேர்ந்தார். அவர் பார்வை திருமேனியின் கால்களில் நின்றது. கணுக்கால்வரை செம்மண்.

திருமேனிக்கு முகம் சுருங்கிப்போனது.

"நான் இதைச் சரிபண்ண வந்தவன்மா. நானும் அவங்களும் ஒண்ணா?"

"புல்லுகிட்டே அதைச் சொன்னீங்களா?"

அன்று திருமேனி சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் கூடையை எடுத்தார். மண் அறுத்த பள்ளம் சுனைப் பக்கம். கல் கிடந்தது குடில் பக்கம். குறுக்கே போனால் நூறு தப்படிதான். ஒவ்வொரு கூடைக்கும் அவர் சுற்றுப்பாதையிலேயே நடந்தார். கல்லை அடுக்கி, மண்ணை நிரப்பி, புல்லைத் தூரோடு நட்டார்.

"பெரியவரே, பக்கத்துலயே வழி இருக்கே!" என்று சிரித்துக்கொண்டு ஏறிப் போனார்கள் சிலர். நட்ட புல் அவர்கள் காலில் சிக்கிப் பிடுங்கிக்கொண்டு வந்தது.

திருமேனி திட்டவில்லை. மறுபடி நட்டார்.

முழங்கால் வீங்கியது. துணியால் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஒன்பதாம் நாள், வேனில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஒருவன் முள்ளுக்கு மேல் காலைத் தூக்கினான். அப்போது, தலையில் கல்கூடையோடு நொண்டி நொண்டிச் சுற்றுப்பாதையில் ஏறும் கிழவர் அவன் கண்ணில் பட்டார்.

"ஏன் பெரியவரே அப்படிப் போறீங்க? இங்கே வழி இல்லையா?"

திருமேனி நின்று, கூடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"இருந்துச்சு" என்றார்.

அவன் தூக்கிய காலை இந்தப் பக்கமே இறக்கினான்.